பெரிய மோட்டாரும் கிணற்றருகே நீரின் வேகமும்

ஆழ்துளைக் கிணற்றில் நீர் போதவில்லை என்று கண்டவுடன் குடியானவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதற்காரியம், இருக்கும் மோட்டாரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதொன்றைப் பொருத்துவதாகும். 5 குதிரைத்திறன் மோட்டார் இவ்வளவு நீர் தருமானால் 10 குதிரைத்திறன் மோட்டார் அதைப்போல் இரு மடங்கு தரவேண்டும் என்பது அவர்கள் போடும் கணக்கு. சில தினங்கள் நீர் அதிகமாகவே வருகிறது. பிறகு கிணற்றின் மட்டம் வெகுவாக இறங்கி, குழாய் காற்றும் நீருமாகத் துப்பத் தொடங்குகிறது. சிலவிடங்களில் மணலும் உடன் வந்து பம்பின் உட்சக்கரங்களைத் தேய்த்துவிடுகிறது. அப்பொழுது, பூமியில் நீர் வற்றிவிட்டதென்று முடிவு கட்டி, வேறோரிடத்தில் புதிய துளை போடுவதற்காகக் கடன் வாங்குகிறார்கள்.

பூமியில் நீர் உண்மையிலேயே வற்றியிருக்கலாம். ஆயினும் பல கிணறுகளில் குறை பூமியில் இல்லை. கிணற்றின் வாயை ஒட்டிய சில அடி தூரத்திற்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. அவ்வாறான கிணற்றில் எவ்வளவு பெரிய மோட்டாரைப் பொருத்தினாலும் செலவு கூடுமேயன்றி அதற்கேற்ற நீர் கூடாது. குறை எங்கிருக்கிறது என்பதை ஒரு பகற்பொழுதில் கண்டறியலாம். அதற்கு ஒரு பீப்பாய், ஒரு கடிகாரம், மட்டம் அளப்பதற்கு ஒரு நாடா ஆகிய இவை போதும். ஆனால் அந்தச் சோதனையின் பொருள் விளங்கவேண்டுமானால், நீர் பூமிக்குள் எப்படி நடந்து கிணற்றை வந்தடைகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

கிணற்றை நெருங்க நெருங்க

கவலையும் ஏற்றமும் வழங்கிய நாளில் இவ்விஷயம் எவருடைய கவனத்திற்கும் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை. 20 அடி குறுக்களவுள்ள திறந்த கிணற்றில் சுற்றுச்சுவர் முழுவதும் ஊற்றுக்கண்ணாக இருந்தது. எருதுகள் இழுத்த நீரின் அளவும் சொற்பம். நீர் அவசரமின்றிக் கசிந்து வந்து சேர்ந்தது. இப்பொழுதோ அதைவிட மிகுதியான நீரை 8 அங்குலக் குழாயின் வழியாக இழுக்கிறோம். 20 அடிக் கிணற்றின் சுற்றளவு இக்குழாயின் சுற்றளவைப்போல் 30 மடங்கு. ஆகவே ஒரே ஆழத்திலிருந்து ஒரே அளவு நீர் வருவதானால், குழாயின் ஓரத்தில் அது 30 மடங்கு வேகத்துடன் புகுந்தாக வேண்டும்.

தேர்த் திருவிழாவுக்கு வரும் ஜனங்களை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் புலப்படும். ஊருக்கு வெளியே நான்கு திசைகளிலும் அவர்கள் தாராளமாக நடந்து வருகிறார்கள். மாட வீதியில் தோளோடு தோள் இடிக்கிறது. கோபுர வாசலிலோ ஒருவரையொருவர் தள்ளாமல் உள்ளே புக முடிவதில்லை. ஜனத்தொகை ஒன்றே, இடந்தான் குறுகிவிட்டது. ஜனங்கள் நெருக்கடியில் நின்றுவிடக் கூடும். நீர் அவ்வாறு நிற்பதில்லை. இடம் குறுகுமளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு செல்லுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 8 அங்குலக் குழாயில் 20 அடி நீளத்திற்குச் சல்லடைத் துளைகள் உள்ளன என்றும், அதிலிருந்து வினாடிக்கு 10 லிட்டர் வீதம் நீர் இறைக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணற்படலம் எங்கும் ஒரே சீராக இருக்குமானால், கிணற்றிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் அந்த நீர் மணற்படலத்தைக் கடக்கும் வேகம் நாளொன்றுக்கு 23 சென்டிமீட்டர் வீதம் அமையும். 10 மீட்டர் தூரத்தில் அது நாளொன்றுக்கு 2.3 மீட்டர், 1 மீட்டர் தூரத்தில் 23 மீட்டர், குழாயின் ஓரத்தில் 230 மீட்டர். இவை மணலையும் இடைவெளிகளையும் சேர்த்து முழுப் பரப்பிற்கும் கண்ட வேகங்கள். மணலுக்குள் நீர் நடப்பதற்குள்ள இடைவெளி மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதாகையால், இடைவெளிகளுக்குள் ஓடும் உண்மையான வேகம் இவற்றைப்போல் மும்மடங்குக்குக் குறையாது. நத்தையும் வெட்கப்படத்தக்க நடையில் புறப்பட்ட நீர், கடைசி ஒரு கெஜ தூரத்தில் ஓட்டமெடுக்கிறது.

டீஜான் நகரத்துச் சோதனையும் பின்வந்த திருத்தமும்

நீர் மணலுக்குள் எந்த விதிப்படி நடக்கிறது என்பதை முதன்முதலாக அளந்து சொன்னவர் ஆன்றி டார்சி என்னும் பிரெஞ்சு எஞ்சினீயர். பிரான்ஸ் தேசத்தில் டீஜான் நகரத்திற்குத் தொலைவிலிருந்த ஊற்றொன்றிலிருந்து மூடு கால்வாய் மூலம் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். 1855-ஆம் ஆண்டு அந்நகர மருத்துவமனையின் முற்றத்தில், 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குழாயொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரைச் செலுத்தி, மணலின் மேலும் கீழும் நீரழுத்தம் எவ்வளவென்று அளந்து பார்த்தார்கள். 1856-இல் வெளியான டார்சியின் நூலில் அதன் முடிவு கூறப்பட்டிருக்கிறது. மணலைக் கடப்பதற்குச் செலவாகும் மட்ட இறக்கம் நீரின் வேகத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதே அது. வேகம் இரு மடங்கானால் இறக்கமும் இரு மடங்கு, மும்மடங்கானால் மும்மடங்கு. இன்றும் உலகெங்கும் நிலத்தடி நீர்க் கணக்குகள் இவ்விதியை அஸ்திவாரமாகக் கொண்டே போடப்படுகின்றன.

ஆனால் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. மெதுவாக நடக்கும் நீர், மணற்பருக்கைகளைத் தழுவிக்கொண்டு எண்ணெய்போல் வழுக்கிச் செல்லுகிறது. அப்பொழுது எதிர்ப்பு முழுவதும் நீரின் பிசுபிசுப்பினால் உண்டாவது. வேகம் கூடியபின் நிலைமை மாறுகிறது. நீர் ஒவ்வொரு பருக்கையையும் சுற்றி வளைந்து திரும்பவேண்டும். குறுகிய இடுக்கில் விரைந்தும் அகன்ற இடத்தில் தணிந்தும், மறு இடுக்கில் மீண்டும் விரைந்தும் செல்லவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் சக்தியில் ஒரு பகுதி வீணாகிறது. பாரவண்டியை நேர்சாலையில் ஓட்டுவதற்கும் சந்து பொந்துகளில் அதே வேகத்துடன் திருப்பி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. நீர் சுழித்துக் கொந்தளிப்பதற்கு வெகு முன்னதாகவே இந்த நஷ்டம் ஆரம்பமாகிவிடுகிறது.

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் பேராசிரியராயிருந்த பிலிப் ஃபோர்ஹைமர் என்பவர் 1901-ஆம் ஆண்டு இதற்குரிய திருத்தத்தை எழுதி வெளியிட்டார். மட்ட இறக்கத்தை ஒரே பகுதியாகக் கொள்ளாமல் அவர் இரண்டு பகுதிகளாகக் கொண்டார். ஒன்று டார்சி கூறியபடி வேகத்திற்கு நேர் விகிதமாக ஏறுவது. மற்றொன்று வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுவது; அதாவது, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. தொலைவில், நத்தை நடையில் வரும் நீருக்கு இந்த இரண்டாம் பகுதி இல்லையென்றே சொல்லிவிடலாம். கிணற்று வாயிலோ அதை அலட்சியம் செய்ய முடியாது. இயற்கை வாயுவும் கச்சா எண்ணெயும் எடுக்கும் கிணறுகளில் வேகம் இன்னும் அதிகமாதலால், அத்தொழிலிலுள்ள எஞ்சினீயர்கள் ஃபோர்ஹைமரின் இச்சூத்திரத்தை இன்றளவும் தங்கள் கணக்குகளில் கையாளுகிறார்கள். விவசாயக் கிணற்றுக்கும் அதே சூத்திரம் உரியதாயினும், குடியானவர்களிடம் அதைப்பற்றி எடுத்துச் சொல்வோர் மிகவும் குறைவு.

இரு பகுதிகளும் எவ்வெவ்விடத்தில் செலவாகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமான வேறுபாடு தெரியவரும். மேலே கூறிய குழாய்க் கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம். முதற்பகுதி இறக்கத்தில் மூன்றிலொரு பங்கு 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரையிலும், மூன்றிலொரு பங்கு 10 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரையிலும், மிகுந்த பங்கு கடைசி 1 மீட்டருக்குள்ளும் செலவாகிறது. இரண்டாம் பகுதியோ பத்தில் ஒன்பது பங்கு கடைசி 1 மீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அதிலும் சரிபாதி, குழாயை ஒட்டிய 4 அங்குலத்திற்குள். எனவே குழாயைச் சுற்றிலும் தகுந்த சரளைக்கல்லை இட்டு, கிணற்றின் ஆரத்தை 4 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியதற்குச் சமமான நிலையை உண்டாக்கினால், முதற்பகுதி இறக்கம் சுமார் பத்திலொரு பங்குதான் குறையும். இரண்டாம் பகுதி பாதியாகிவிடும். சரளைக்குச் செலவழிப்பது வீண் என்று துளைபோடுவோர் சிலர் சொல்வதுண்டு. அது நீர் சாவதானமாக வரும் கிணற்றுக்கு ஓரளவு பொருந்தினாலும் பொருந்தும். மிகுதியாக இறைக்கும் கிணற்றுக்குப் பொருந்தாது.

நல்ல மணலில் நன்றாக அமைத்த கிணற்றில் இந்த வர்க்க நஷ்டம் மணலுக்குள் கொஞ்சமாகவே இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். நஷ்டத்தில் பெரும்பங்கு சல்லடைத் துளைகளிலும் அவற்றை அடைத்துக்கொண்டிருக்கும் வண்டல், துரு, சுண்ணாம்புப் படிவு முதலியவற்றிலும் ஏற்படுகிறது. பாதித் துளைகள் அடைபட்டால் மீதிப் பாதியின் வழியாக நீர் இரு மடங்கு வேகத்தில் புகவேண்டும். அவ்விடத்து நஷ்டம் நான்கு மடங்காகிறது. சல்லடைத் துளையில் நீர் புகும் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது நெடுநாளாகக் கையாளப்பட்டு வரும் நியதி. 8 அங்குலக் குழாயில் 20 அடி நீளத்தில் நூற்றுக்கு 10 பங்கு திறப்பு இருக்குமானால், வினாடிக்கு 10 லிட்டர் நீர் இந்த வரம்பிற்குள் அடங்கிப் புகும். இரம்பத்தால் ஆங்காங்கு கீறிவிட்ட குழாயில் திறப்பு நூற்றுக்கு 3 பங்கேயானால், வேகம் வினாடிக்கு சுமார் 9 சென்டிமீட்டர் ஆகும். அந்த வேகம் நுண்மணலையும் அடித்துக்கொண்டு வருகிறது. குழாய்க்கு வெளியே மணல் கரைந்து வெற்றிடம் உண்டாகி, மேலேயுள்ள மண் சரிந்து, கிணறு ஒரேயடியாக மூடிக்கொள்வதும் உண்டு.

பாறைக் கிணறுகள்

தமிழ்நாட்டின் விஸ்தீரணத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பிரதேசம். கோயமுத்தூர், சேலம், தர்மபுரி முதலிய ஜில்லாக்களில் நீர் மணலின் வழியாக வருவதில்லை. பாறையின் வெடிப்புகளின் வழியாக வருகிறது. 6½ அங்குலத் துளையில், 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கிடை வெடிப்பொன்றின் வழியாக மட்டும் வினாடிக்கு 1 லிட்டர் நீர் வருவதாகக் கொள்வோம். துளையின் ஓரத்தில் அந்த நீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஆகிறது. ஒரு மீட்டர் அப்பால் அதே நீர் வினாடிக்கு 16 சென்டிமீட்டர் வீதமே நடக்கிறது. காவேரிப் பாசனப் பகுதியின் மணலில் இறக்கிய ஃபில்டர் பாயிண்டுகளைவிடப் பாறைத் துளைகளில் வேகத்தின் கொடுமை அதிகமென்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் துளைபோடுவோரின் 'இஞ்சு' கணக்கைப்பற்றியும் ஒரு வார்த்தை. துளைபோட்ட அன்று கம்பிரஸர் காற்றினால் நீரை வெளியே ஊதித் தள்ளி, இத்தனை இஞ்சு தண்ணீர் என்று சொல்லிவிடுகிறார்கள். குடியானவரும் அந்த இஞ்சுக்கு ஏற்ற மோட்டாரை வாங்கிவிடுகிறார். அன்று சிறிது நேரம் வந்த நீரின் அளவை அந்த இஞ்சு காட்டும்; அந்நீருக்காக மட்டம் எத்தனை அடி இறங்கிற்று என்பதை அது காட்டாது. மட்ட இறக்கம் தெரியாமல் நீரளவை மட்டும் வைத்துக்கொண்டு மோட்டார் வாங்குவது, கடனைக் கணக்கில் வைக்காமல் வரவை மட்டும் கூட்டுவது போலாகும்.

படிப்படியாக இறைத்துப் பார்க்கும் சோதனை

மட்ட இறக்கத்தின் இரு பகுதிகளையும் கிணற்று மேட்டிலிருந்தே பிரித்துக் காணும் முறையை 1947-ஆம் ஆண்டு அமெரிக்க நீரியல் அறிஞர் ஜேக்கப் வெளியிட்டார். இறைக்கும் அளவைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் மட்டம் எவ்வளவு இறங்குகிறதென்று அளப்பதே அம்முறை. மொத்த இறக்கத்தில் ஒரு பகுதி நீரளவுக்கு நேர் விகிதமாகவும், மற்றொரு பகுதி நீரளவின் வர்க்கத்திற்கு ஏற்பவும் இருக்குமென்று அவர் கொண்டார்.

விளக்கத்திற்காக ஒரு கிணற்றைக் கற்பித்துக்கொள்வோம். வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும்போது மட்டம் 7½ அடி இறங்குகிறது. 10 லிட்டருக்கு 20 அடி இறங்குகிறது. 15 லிட்டருக்கு 37½ அடி இறங்குகிறது. ஒவ்வோர் இறக்கத்தையும் அதற்குரிய நீரளவால் வகுத்தால், லிட்டர் ஒன்றுக்கு 1½ அடி, 2 அடி, 2½ அடி என்று வரும். கட்டம் போட்ட தாளில் நீரளவைக் கிடையாகவும் இவ்வெண்களைச் செங்குத்தாகவும் குறித்தால் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். அக்கோட்டை இடப்புறம் நீட்டினால் அது 1 அடி என்ற இடத்தில் முடிகிறது. இந்த 1 அடிதான் முதற்பகுதி: லிட்டர் ஒன்றுக்கு 1 அடி வீதம் பூமியே கேட்கும் விலை. அதற்கு மேற்பட்டதெல்லாம் வேகத்தின் விலை. 5 லிட்டருக்கு இவ்விலை 2½ அடி. 10 லிட்டருக்கு 10 அடி. 15 லிட்டருக்கு 22½ அடி. நீரளவு 10-லிருந்து 15 ஆக ஒன்றரை மடங்காவதற்குள் மொத்த இறக்கம் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டதைக் கவனிக்கவேண்டும். 15 லிட்டர் நீரை வீணாக 22½ அடி தூக்குவதற்கு வேண்டிய சக்தி மட்டும் சுமார் 1⅓ குதிரைத்திறன். மோட்டாரிலும் பம்பிலும் ஏற்படும் சேதாரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 3 குதிரைத்திறன் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

சோதனை செய்யும் விதம் வருமாறு. முந்தின நாள் மாலையிலிருந்து கிணற்றை இறைக்காமல் விட்டு, காலையில் நிலைமட்டத்தை அளக்கவேண்டும். அருகிலுள்ள மற்றக் கிணறுகளையும் அன்று நிறுத்தி வைப்பது உத்தமம். அண்டை நிலத்துக்காரர்களிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் பெரும்பாலும் இசைவார்கள். நீர்மூழ்கி மோட்டார் பொருத்திய கிணற்றில் நாடா சிக்கிக்கொள்ளக் கூடுமாகையால், மோட்டாரை இறக்கும்போதே முக்கால் அங்குலக் குழாயொன்றையும் கூட இறக்கிவிட்டால் அதன் வழியாக எந்நாளும் மட்டம் அளந்துகொள்ளலாம். நாடாவின் நுனியில் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கி, நனைந்த இடத்தைப் பார்ப்பது பழைய முறை. இரட்டைக் கம்பியொன்றை இறக்கி, அதன் நுனி நீரைத் தொட்டவுடன் மேலேயுள்ள மின்னளவுக் கருவியின் முள் அசைவதைக் கொண்டு அளப்பது இன்னும் சுலபம். அதற்கு டார்ச்சு பேட்டரியைத்தான் உபயோகிக்கவேண்டும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது.

பிறகு வெளிக்குழாயின் அடைப்பானைப் பெரும்பாலும் மூடி, சொற்பமான நீர் வருமாறு வைத்து இறைக்கவேண்டும். 200 லிட்டர் பீப்பாய் நிறைய 40 வினாடி ஆனால் அது வினாடிக்கு 5 லிட்டர். 20 வினாடி ஆனால் 10 லிட்டர். ஒவ்வொரு படியையும் சரியாக ஒரு மணி நேரம் நடத்தி, அந்த ஒரு மணியின் முடிவில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தாமலே அடைப்பானை அடுத்த படிக்குத் திறக்கவேண்டும். குறைந்தது மூன்று படிகள் வேண்டும், நான்கானால் நல்லது. இறைத்த நீரைத் தூரத்திற்குக் கொண்டுபோய் விடவேண்டும். கிணற்றடியிலேயே விட்டால் அது திரும்பவும் உள்ளே இறங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். அடைப்பானை முற்றிலும் மூடிய நிலையில் நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டலாகாது. கம்பிரஸர் கொண்டு நீரேற்றும் கிணறுகளுக்கு இம்முறை பொருந்தாது.

புள்ளிகள் எப்பொழுதும் நேர்கோட்டில் அமைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆழமில்லாத ஃபில்டர் பாயிண்டில் மட்டம் இறங்க இறங்க மணற்படலத்தில் நீருள்ள கனமும் குறைந்துவிடுவதால், வேகத்தின் பயனன்றியே கோடு மேல்நோக்கி வளையக்கூடும். பாறைக் கிணற்றில் மட்டம் ஊற்று வெடிப்புக்குக் கீழே இறங்கிவிட்டால் கடைசிப் புள்ளி மற்றவற்றைவிட்டு வெகு உயரத்திற்குத் தாவும். அத்தகைய தாவல் தெரிந்த கிணற்றில் அந்த வெடிப்புக்குக் கீழே மட்டத்தை இறக்குவதால் ஒரு குடம் நீரும் அதிகமாகக் கிடைக்காது. நீர் வெடிப்பிலிருந்து அருவிபோல் விழும் ஓசை மாத்திரம் கேட்கும்.

கண்டபின் செய்யவேண்டியது

கோடு செங்குத்தாக ஏறுமானால் குறை கிணற்றில் இருக்கிறது. பழைய கிணறானால் சல்லடையைச் சுத்தம் செய்யவேண்டும். கம்பிரஸர் காற்றினால் விட்டுவிட்டு ஊதி நீரை முன்னும் பின்னும் அலைக்கழிப்பது அடைப்பைப் பெயர்த்துவிடும். ஒரே மூச்சாக ஊதிக்கொண்டிருப்பதால் அவ்வளவு பயனில்லை. சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம் இடுவதுண்டு; அதைப் பழகியவர்களைக் கொண்டு மட்டுமே செய்விக்கவேண்டும். புதிய கிணறானால் துளையை அகலப்படுத்துதல், தொழிற்சாலையில் செய்த நல்ல சல்லடைக் குழாய், சுற்றிலுமுள்ள மணலைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு பருமனுள்ள சரளை ஆகியவற்றில் செலவிடலாம். மோட்டாரைப் பெரிதாக்குவது இவ்விடத்தில் நோயை வளர்ப்பதாகும்.

கோடு கிடையாக இருந்து, ஆனால் உயரத்திலேயே கிடக்குமானால் விஷயம் வேறு. பூமியே நீரைச் சிக்கனமாகத் தருகிறது என்பது அதன் பொருள். துளைபோடும்போது சேறு அப்பிக்கொண்டு ஊற்றை அடைத்திருந்தாலும் இதே தோற்றம் உண்டாகுமாதலால், முதலில் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்க்கவேண்டும். அதன்பின்னும் கோடு இறங்கவில்லையென்றால் சல்லடைக்கோ சரளைக்கோ மோட்டாருக்கோ பணம் செலவிடுவதில் அர்த்தமில்லை. கிடைக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று தீர்மானிப்பதே வழி. இம்முடிவை ஏற்பது மனத்திற்குக் கஷ்டமாயிருக்கும். என்றாலும் மூன்றாவது துளையும் பொய்த்த பிறகு ஏற்பதைவிட, ஒரு பீப்பாயையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஏற்பது மலிவு.

இறைப்பு நேரத்தை நீட்டுவது எல்லாவற்றிலும் சிக்கனமான பரிகாரம். மேற்கண்ட கற்பனைக் கிணற்றில் வினாடிக்கு 15 லிட்டர் வீதம் 8 மணி நேரம் இறைத்தாலும், 10 லிட்டர் வீதம் 12 மணி நேரம் இறைத்தாலும் கிடைப்பது 4,32,000 லிட்டரே. முன்னதில் மட்டம் 37½ அடி இறங்குகிறது. பின்னதில் 20 அடி. விவசாயப் பம்புகளுக்கு 1990-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் இலவசமாக வழங்கப்பட்டு வருவதால், இந்த வித்தியாசம் குடியானவரின் பையைத் தொடுவதில்லை. ஆனால் மணல் வருவதும், மோட்டார் கம்பிச்சுற்று எரிவதும், பம்பு தேய்வதும் அவர் பையையே தொடுகின்றன. மும்முனை மின்சாரம் குறைந்த நேரமே கிடைக்கும் கிராமங்களில் 12 மணி நேரம் இறைக்க இயலாதென்பது மெய்யே. அங்கும், இரு கிணறுகள் உடையவர் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் வதைப்பதைவிட இரண்டையும் மிதமாக ஓட்டுவது லாபம்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் ஒரு விஷயத்தை மனத்திற்கொள்ளவேண்டும். நிலத்தடி நீர் நிலையைக் காட்டும் வரைபடங்கள் இப்பொழுது கணிப்பொறி மாதிரிகளின் துணைகொண்டும் தயாரிக்கப்படுகின்றன. அமெரிக்க அரசாங்கத்தின் நிலவியல் அளவைத் துறை 1980-களில் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்னும் மாதிரி இத்துறையில் உலகெங்கும் வழங்குகிறது. அது பூமியைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திற்கும் டார்சியின் விதிப்படி கணக்கிடுகிறது. பெரும் பிரதேசங்களுக்குப் போடும்போது ஒரு சதுரத்தின் பக்கம் பல நூறு மீட்டர் இருக்கும். கிணற்று வாயிலுள்ள கடைசி ஒரு கெஜத்தில் நடப்பது அந்தச் சதுரத்திற்குள் மறைந்துபோகிறது. வேண்டுமானால் தனியாக ஒரு திருத்தத்தைச் சேர்க்கவேண்டும், அத்திருத்தத்திற்குரிய எண் மேற்சொன்ன சோதனையினாலன்றிக் கிடைக்காது. ஆகவே வரைபடத்தில் நீர்வளம் உள்ளதாகக் காட்டிய இடத்தில் ஒரு கிணறு பொய்த்தால் வரைபடம் தவறு என்று சொல்லிவிட முடியாது. கிணறு பொய்த்ததைக் கொண்டு அந்த ஊரிலேயே நீரில்லை என்று எழுதிவிடவும் கூடாது.

ஊராட்சியின் குடிநீர்க் கிணறுகளில் இச்சோதனையை நடத்துவது மிகவும் அவசியம். ஏனெனில் அவை கோடையில் திடீரென்று பொய்த்தால் லாரித் தண்ணீரைத் தவிர வேறு கதி இல்லை. துளை போட்டுக் கழுவிய உடனே முதற்சோதனையைச் செய்து, நிலைமட்டம், ஒவ்வொரு படியின் நீரளவு, மட்ட இறக்கம், தேதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். ஆண்டுதோறும் தை அல்லது மாசியில், கோடை பிறப்பதற்கு முன், அதே படிகளில் மீண்டும் அளக்கவேண்டும். நிலைமட்டம் இறங்கியிருந்தும் கோட்டின் சரிவு மாறாமலிருந்தால் மழைக் குறைவே காரணம். நிலைமட்டம் மாறாமல் கோடு மட்டும் செங்குத்தாகியிருந்தால் சல்லடை அடைபட்டு வருகிறது. பங்குனிக்குள் கம்பிரஸர் வண்டியை வரவழைத்துச் சுத்தம் செய்துவிட்டால் புதிய துளைக்கு விண்ணப்பம் எழுதவேண்டிய தேவை இராது.